மரத்துக்கு எண் இல்லை

அத்தியாயம் 9

"சார், அது பேனா. அகர்பத்தி இல்ல. கையில புட்ச்சிகினு கும்புடாதீங்க, கையெழுத்தப் போடுங்க."

ஷைலா சொன்னது ராயப்பன் காதில் விழுந்தது. ஆனாலும் அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொரட்டூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த அறைதான் அவருடைய துப்பறியும் அலுவலகம். ஷைலா அவருடைய ஒரே உதவியாளர். அதற்கு முன் எட்டு வருடம் கோர்ட் வாசலில் தட்டச்சு செய்தவள். மற்றவர்களுடைய பொய்ச் சத்தியங்களை இரண்டிரண்டு பிரதி எடுத்தே விரல் தேய்ந்துவிட்டது என்பாள்.

மேசையில் ஒரு பக்க அறிக்கை இருந்தது. பூந்தமல்லியில் ஆயுதக் கடை வைத்திருக்கும் கஜபதிக்காக எழுதியது. அவர் கடையில் மரவேலை பார்க்கும் அமீர், வாடிக்கையாளர் ஜெயராமனின் இரட்டைக் குழல் துப்பாக்கியிலிருந்து அருமையான வரிகள் ஓடிய கட்டையைக் கழற்றிக்கொண்டு, வெறும் கட்டை ஒன்றைப் பொருத்திவிட்டார் என்பது அதன் சாரம். அந்த மரம் மதியம் ஒரு மணிக்குள் திரும்பி வராவிட்டால் இந்த அறிக்கையோடு போலீஸில் புகார் கொடுப்பதாகக் கஜபதி சொல்லியிருந்தார். திருட்டுப் பெயர் வாங்கிய ஆளை அதன்பிறகு எந்த ஆயுதக் கடையும் படியேற விடாது.

வழக்கு ஆரம்பித்த விதமே விசித்திரமானது. தேர்தல் அறிவித்ததும் உரிமம் உள்ள துப்பாக்கிகளை எல்லாரும் ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். முடிவு வந்தபிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அப்படி ஒப்படைத்தவர்தான் ஜெயராமன். போன வாரம் துப்பாக்கி சுடும் கிளப் நண்பர்கள் இரண்டு பேருடன் கடைக்கு வந்து பையைத் திறந்தவர், "இது என் மரம் இல்லை" என்றார். ஸ்டேஷனில் விசாரித்தபோது, இரும்பில் பொறித்த எண் சரியாக இருக்கிறதே, மரத்துக்கு ஏது எண் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடையின் பெயர் கெடுகிறதே என்று கஜபதி ராயப்பனிடம் வந்தார்.

ராயப்பன் நாலே நாளில் கண்டுபிடித்தார். நேற்று அமீரின் வீட்டில், பீரோ மேல் பழைய லுங்கியில் சுற்றியிருந்த ஒரு மரத்துண்டு கிடைத்தது. ஜெயராமன் கொடுத்த புகைப்படங்களில் இருந்த அதே வரிகள். கட்டையை அறுத்ததில் இது ஒரு துண்டு, மீதியை வேறெங்கோ ஒளித்திருக்கிறார் என்று ராயப்பன் முடிவு கட்டினார். அமீர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தத் துண்டுதான் இப்போது ராயப்பனின் இடது கையில் இருந்தது. ஒரு சாண் நீளம். தேன் நிறத்தின்மேல் கரிய வரிகள், அணையப்போகும் தீயைக் காற்று இழுத்துக்கொண்டு போவதுபோல ஓரத்தை நோக்கி வளைந்து ஓடின. ஒரு துப்பாக்கிக்கு இது எதற்கு என்று அவர் முதலில் நினைத்தார். சுடுவதெல்லாம் இரும்புதான். மரம் தோளில் சாய்ந்திருக்கும், கன்னத்தைத் தாங்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரு மனிதன் தன் கன்னத்தை வைக்கிற இடம் அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் என்ன தப்பு என்று இப்போது தோன்றியது. அவர் மரத்தை வெளிச்சத்தில் சாய்த்தார். மறுபக்கம் சாய்த்தார். பிறகு இன்னும் ஒரு முறை.

"ஷைலா, அமீர் முதல் நாள் நமக்கு ஒண்ணு சொன்னாரே, ஞாபகம் இருக்கா?"

"டீ சொல்லட்டுமான்னாரு."

"அதுக்கப்புறம்."

அவள் தட்டச்சை நிறுத்தினாள். முதல் நாள் கடையில் அமீர் ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, "மரத்தப் பாக்காதீங்க சார், அதுல வெளிச்சம் நடக்கறதப் பாருங்க" என்றிருந்தார். "பட்டுப் புடவ மாதிரி. இப்பிடிச் சாய்ச்சா இந்த வரி கறுப்பு, பக்கத்து வரி தங்கம். அப்பிடிச் சாய்ச்சா தங்கம் கறுப்பாயிடும், கறுப்பு தங்கமாயிடும். உள்ள நாரு வளைஞ்சு வளைஞ்சு ஓடுது, அதான்." உண்மையாகவே அப்படித்தான் நடந்தது. ராயப்பன் குழந்தைபோலப் பத்துத் தடவை சாய்த்துப் பார்த்தார்.

"இதுல வெளிச்சம் நடக்கல" என்றார் இப்போது. "கறுப்பு கறுப்பாவே இருக்கு. எந்தப் பக்கம் சாய்ச்சாலும்."

ஷைலா தன் கைப்பையிலிருந்து ஒரு சின்ன சீசாவையும் பஞ்சையும் எடுத்தாள். நகப்பூச்சைக் கலைக்கும் திரவம். "நகத்துக்குன்னு வாங்குனது. துப்பு துலக்கவும் ஆவும்னு சீசாவுல போடல" என்றபடி மரத்தின் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தாள். பஞ்சு காப்பி டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. இழுத்த இடத்தில் வரி இல்லை. கீழே சாதாரண அக்ரூட் மரம் ஒன்றும் தெரியாததுபோல இருந்தது.

"சாயம்" என்றார் ராயப்பன். 

"அப்போ டூப்ளிகேட் செய்யப் பழகியிருக்காரு சார். ஒரிஜினல உருவிகினு போலிய மாட்ட."

"போலி செய்யத் தெரிஞ்சவர் போலியத்தானே மாட்டியிருக்கணும்? துப்பாக்கியில மொட்டை மரம்தானே வந்திருக்கு."

ஷைலா கோப்பைத் திறந்து ஜெயராமன் கொடுத்த படங்களை எடுத்தாள். துப்பாக்கியின் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ராயப்பன் அவற்றை நேற்று எத்தனையோ தடவை பார்த்திருந்தும், அழகாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. இப்போது எண்ணினார். இடது பக்கம் ஏழு வரிகள். வலது பக்கமும் ஏழு. இரண்டு பக்கத்திலும் மூன்றாவது வரி, நுனியில் பாம்பு நாக்குபோல் பிளந்திருந்தது.

"மரத்துக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வெளிய வர்ற வரி, கண்ணாடியில பாத்த மாதிரி ஒரே மாதிரியா வரும்?"

"எங்க சித்தப்பா மீசையே ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது சார்" என்றாள் ஷைலா. சொல்லிவிட்டுப் படங்களை மறுபடி பார்த்தாள். "அப்போ அந்தப் பெரியவரோட மரமும் சாயம்தானா?"

ராயப்பன் கோப்பில் துப்பாக்கிச் சீட்டின் படத்தைத் தேடினார். ஒப்படைக்கும்போது ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஒரு சீட்டுக் கட்டுவார்கள். சொந்தக்காரர் ஏதாவது சொல்ல விரும்பினால் அதில் எழுதலாம். எல்லாரும் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், எண்ணெய் போடுங்கள் என்று இரும்பைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஜெயராமன் சீட்டில் மட்டும், 'மரத்தை யாரும் துடைக்க வேண்டாம்' என்று இருந்தது. மரத்தின்மேல் இவ்வளவு பிரியமா என்று நினைத்திருந்தார் ராயப்பன். இன்று அதைப் படித்தபோது அது பிரியம் மாதிரித் தெரியவில்லை. பயம் மாதிரித் தெரிந்தது.

மணி பத்தே முக்கால். அமீர் கைப்பேசியை எடுக்கவில்லை.

"வண்டிய எடு. முத்தாபுதுப்பேட்டை, அமீர் வீட்டுக்கு."

"ஹெல்மெட்ட இப்பவே போட்டுக்குங்க சார்" என்றாள் ஷைலா படியிறங்கும்போது. "அந்தத் தெருவுல நம்ம மூஞ்சி தெரியாம இருக்கறது நல்லது."

*

நேற்று அந்த வாசற்படியில் நின்றுதான் அவர் மரத்துண்டை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துக் கைப்பேசியில் இருந்த படத்தோடு ஒப்பிட்டார். "இதேதான்" என்று உரக்கச் சொன்னார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அப்போது தன் குரலில் இருந்த சந்தோஷம் இப்போது நினைவுக்கு வந்ததும், ராயப்பனுக்கு ஸ்கூட்டரிலிருந்து இறங்கப் பிடிக்கவில்லை.

அமீரின் மனைவி ரசூல் பீவி வாசலில் கோதுமை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னும் இன்னா எடுக்கணும்? பீரோ தொறந்துதான் கீது."

"அமீர் எங்கம்மா?"

"கடைக்குப் போயிருக்காரு. கெடு குடுத்தா ஓடிப்பூடுவாருன்னு நெனச்சீங்களா?"

"நேத்து நான் எடுத்துக்கிட்டுப் போனது வெறும் சாயம் போட்ட மரம். அது எனக்கு இப்பதான் தெரிஞ்சுது."

"நேத்து ஒரு வார்த்த கேட்டிருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும்."

 ஷைலாதான் மெல்லக் கேட்டாள். "அவர் ஏங்க்கா வாயே தொறக்கல?"

"சொல்ல மாட்டேன்னு அந்தப் பெரியவருக்கு வாக்குக் குடுத்துட்டாரு." ரசூல் பீவி எழுந்து உள்ளே போனாள். உள்ளேயிருந்தே சொன்னாள். "வாக்குக் குடுத்தது அவரு. நான் குடுக்கல."

திரும்பி வந்து ஆறு மரத்துண்டுகளை வரிசையாகத் தரையில் வைத்தாள். முதல் துண்டில் வரிகள் குழந்தை போட்ட கோலம்போல இருந்தன. இரண்டாவதில் சாயம் ஊறிப் பரவியிருந்தது. நாலாவதில் ஒரு வரி மட்டும் உயிரோடு இருந்தது. ஆறாவதில் மூன்றாம் வரியின் நுனி பாம்பு நாக்குபோல் பிளந்திருந்தது. நேற்று அவர் எடுத்துப் போனது ஏழாவது.

கடையில் கிடந்த இரண்டு மாதத்தில் ஜெயராமனின் மரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்ததாம். சீட்டு குழல் பக்கம் கட்டியிருந்ததால் அமீர் அதைப் பார்க்கவில்லை. ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு இழுப்பு இழுத்ததும் வரிகள் துணியோடு வந்துவிட்டன. பாதி போனபிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

"அன்னிக்கே அவருக்குப் போன் போட்டாரு" என்றாள் ரசூல் பீவி. "பதினஞ்சு நாள் குடுங்க, நானே கத்துகினு பழையபடி போட்டுத் தரேன், ஒருத்தருக்கும் தெரியாதுன்னாரு. பெரியவரு போன்லயே அழுதுட்டாராம். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிகினாரு. அதுல ரெண்டு நாள்தான் பாக்கி இருந்துச்சு. அதுக்குள்ள மொதலாளி விஷயம் தெரியாம துப்பாக்கிய எடுத்து மேசையில வெச்சுட்டாரு."

அவள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஷைலாவிடம் கொடுத்தாள். ராயப்பன் கேட்கவில்லை.

*

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற சாலையில் ஷைலா ஒரு வார்த்தை பேசவில்லை. பருத்திப்பட்டு தாண்டிய பிறகு அவரே கேட்டார். "ஏன் ஒண்ணும் கிண்டல் பண்ண மாட்டேங்கற?"

"உங்களப் பண்ணா என்னையும் சேத்துப் பண்ணணும் சார். அந்த ரிப்போர்ட்ட டைப் அடிச்சது நான்தான்."

கஜபதியின் கடைக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். கண்ணாடி மேசைக்குப் பின்னால் கஜபதி புகார்க் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தார். எதிரே ஜெயராமன். அறுபத்தெட்டு வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மடியில் துப்பாக்கிப் பை. உள்பக்கம் அமீர் தன்னுடைய உளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க ராயப்பன். ரிப்போர்ட் கொண்டாந்தீங்களா?" என்றார் கஜபதி.

"இல்ல. அமீர் பாய், ஒரு ஸ்க்ரூ டிரைவர் குடுங்க."

அமீர் அவரைப் பார்த்தார். பிறகு ஷைலாவின் கையிலிருந்த ஏழு மரத்துண்டுகளைப் பார்த்தார். "வேணாம் சார்" என்றார். "உட்டுருங்க. நான் வேற வேல பாத்துக்கறேன்."

தன் பெயர் போகிற நேரத்தில் இன்னொருவர் பெயருக்காக வேண்டாம் என்கிற மனிதனை ராயப்பன் அதுவரை பார்த்ததில்லை. அவர் தானே மேசையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கஜபதியிடம் கொடுத்தார். துப்பாக்கிக் கட்டையின் அடியில், தோளில் பதியும் இடத்தில், ஒரு கறுப்புத் தகடு இரண்டு திருகுகளால் பொருத்தப்பட்டிருந்தது.

"அந்தத் தகட்டைக் கழட்டுங்க."

"அத எதுக்குக் கழட்டணும்?" என்றார் ஜெயராமன். அவர் கை பையின்மேல் இறுகியது.

"ஒண்ணுமில்லைன்னா ரெண்டு நிமிஷத்துல திருப்பி மாட்டிடலாம்."

ஜெயராமன் அமீரைப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார். கஜபதி துப்பாக்கியை வாங்கி, நடுவில் மடித்துத் திறந்து, குழல் காலியாக இருக்கிறதா என்று பழக்கத்தில் பார்த்துவிட்டு, திருகுகளைக் கழற்றினார். தகடு வந்தது. கீழே மரத்தின் வெட்டுமுகம்.

அதன் ஓரத்தைச் சுற்றி, ஒரு நகக்கண் அளவுக்குக் கரிய கோடுகள் வெளியிலிருந்து மடங்கி உள்ளே வந்து நின்றிருந்தன. தூரிகை விளிம்பைத் தாண்டி வழிந்த இடம். தகடு மூடியிருந்ததால் ஸ்பிரிட் அங்கே போகவில்லை. இடது பக்கம் ஏழு, வலது பக்கம் ஏழு. ராயப்பன் புகைப்படத்தை அருகில் வைத்தார். படத்தில் ஒவ்வொரு வரியும் எங்கே தகட்டைத் தொட்டதோ, சரியாக அங்கேயே மரத்தில் ஒரு கோடு இருந்தது.

"மரம் மாறவேயில்ல கஜபதி. அன்னிக்கு வந்த மரமும் இதுதான். இன்னிக்கு இருக்கறதும் இதுதான்."

கஜபதி தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயராமனைப் பார்த்தார். ஜெயராமன் யாரையும் பார்க்கவில்லை.

"அம்பத்தூர்ல வேன் பாடி கட்டற கம்பெனி. பெயிண்ட் பிரிவுல இருந்தேன்" என்றார் மெதுவாக. "ஒரு ஞாயித்துக்கிழம சும்மா மரத்துல வரி போட்டுப் பாத்தேன். நல்லா வந்துடுச்சு. கிளப்புக்குக் கொண்டுபோனேன். காஷ்மீர் மரமான்னு ஒருத்தர் கேட்டார். ஆமான்னேன். அவ்வளவுதான் சார் நான் செஞ்சது. ஒரு ஆமா."

 அவரே தொடர்ந்தார்.

"இருபத்தெட்டு வருஷத்துல ஒரு போட்டியிலயும் முதல் பத்துக்குள்ள வந்ததில்ல. ஆனா நான் பையைத் திறந்தா எல்லாரும் எழுந்து வருவாங்க. கையில வாங்கிப் பாப்பாங்க. ரெண்டு பேர் அத மடியில வெச்சுக்கிட்டு போட்டோ எடுத்திருக்காங்க. அன்னிக்கு தங்க துப்பாக்கிய வாங்க வந்த அந்த ரெண்டு பேரும்தான் என்னையும் இழுத்துக்கிட்டு வந்துட்டாங்க. பை திறந்து கெடக்கு, மரம் மொட்டையா இருக்கு. அவங்க என் மூஞ்சியப் பாக்கறாங்க. என் மரம் இல்லைன்னு வாயில வந்துடுச்சு."

"அதுக்காக ஒரு மனுஷன் மேல திருட்டுப் பட்டத்தைக் கட்டலாமா பெரியவரே?" என்றாள் ஷைலா.

அப்போதுதான் ஜெயராமன் தலையை நிமிர்த்தி ராயப்பனைப் பார்த்தார். கோபமாக இல்லை. ரொம்பவும் சோர்ந்த பார்வை.

"மரம் மாறிடுச்சுன்னு சொன்னேன். அது பொய்தான். ஆனா யார் பேரையும் நான் சொல்லலம்மா. அமீர் பேரச் சொன்னது சார்தான். நேத்து நீங்க வந்து சொன்னப்ப, இல்லைன்னு சொல்ல எனக்கு தைரியம் வரல. அந்தத் தப்பு என்னுது. பேரச் சொன்ன தப்பு உங்களுது."

ராயப்பன் பல வழக்குகளில் குற்றவாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவன் வாயிலிருந்து உண்மை வரும் நிமிடத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். அந்த நிமிடத்தில் எதிரே இருப்பவனுக்கு உடம்பில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்ததில்லை. இப்போது தெரிந்தது. முதலில் கைகள் கனத்துப்போகின்றன. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் போய்விடுகிறது.

கஜபதி புகார்க் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்து ஜெயராமனிடம் நீட்டினார். "நீங்களே கிழிச்சுப் போட்டுடுங்க. அந்த ரெண்டு பேருக்கும் இங்கேருந்தே போன் போட்டு நடந்ததச் சொல்லுங்க. நான் உள்ள போயிடறேன், நான் கேக்க வேணாம்." பிறகு அமீரின் பக்கம் திரும்பினார். "பாய், உளிய வெளிய எடுத்து வை. நான் ஒரு வார்த்த உன்னத் தனியாக் கூப்ட்டுக் கேட்டிருக்கணும். கேக்கல."

அமீர் உளிப்பையைத் தொடவில்லை. ராயப்பன் அவர் எதிரே போய் நின்றார்.

"அமீர் பாய், என்னை மன்னிச்சிடுங்க. வெளிச்சத்தப் பாருங்கன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. அந்த மரம் அழகா இருந்துச்சு. அதுக்கு மேல நான் யோசிக்கல."

"இங்க சொல்லாதீங்க சார்."

"புரியல."

"இந்தக் கடையில என் மேல உழுந்த பழி நாலு பேருக்குத்தான் தெரியும். மொதலாளிக்கு இப்ப உண்ம தெரிஞ்சுபோச்சு, அது போதும். ஆனா நேத்து நீங்க சொன்னது என் வூட்டு வாசல்ல." அமீர் குரலை உயர்த்தவேயில்லை. "காலையில பால் வாங்கப் போனா, பால்காரன் என் கையப் பாக்குறான் சார். அங்க வந்து சொல்லுங்க. அஞ்சு மணிக்கு மேல வந்தா வேலைக்குப் போனவங்கல்லாம் திரும்பியிருப்பாங்க."

*

ஐந்தரை மணிக்கு முத்தாபுதுப்பேட்டையில் வெயில் இன்னும் போகவில்லை. ஷைலா ஸ்கூட்டரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, அவரோடு நடந்துவந்தாள். ஹெல்மெட்டை இரண்டு பேருமே கழற்றியிருந்தார்கள்.

ராயப்பன் மாதாமாதம் முதல் வெள்ளிக்கிழமை சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர். அங்கே ஒரு திரை இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கிற காதுக்கு மட்டும் மெல்லச் சொன்னால் போதும். சொல்லி முடித்ததும் எழுந்து போகலாம், பின்னால் நிற்பவருக்குக்கூட ஒன்றும் கேட்டிருக்காது. இந்தத் தெருவில் திரை எதுவும் இல்லை. சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துடைப்பதை நிறுத்தினார். தண்ணீர்க் குழாயில் நின்ற இரண்டு பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடியே திரும்பினார்கள். நேற்று வந்த ஆள் என்று ஒருத்தி சொல்வது கேட்டது.

அமீர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. ரசூல் பீவி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அமீர் உள்ளேயே இருந்தார். வெளியே வரவில்லை. வருவார் என்று ராயப்பனும் எதிர்பார்க்கவில்லை.

அவர் நேற்று நின்ற அதே படியில் ஏறி நின்றார். தயாரித்து வைத்திருந்த நாலு வாக்கியங்களும் மறந்துபோயின.

"நேத்து நான் இங்க நின்னு ஒண்ணு சொன்னேன்" என்றார். "அது தப்பு. அமீர் பாய் எதையும் திருடல. அவர் ஒருத்தரோட மானத்தக் காப்பாத்தத்தான் பேசாம இருந்தார். நான் விசாரிக்காம, அவர் பேரைக் கெடுத்துட்டேன்."

சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தார். எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சொல்ற நைனா? ஒண்ணும் காதுல உழல. நேத்து மட்டும் தெருக்கோடி வரைக்கும் கேட்டுதே."

 ராயப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். முகத்தை மாடிப் பக்கம் நிமிர்த்தி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.